பூஜ்ஜியமாவது வரி

ஜனவரி 9, திங்கள், இரவு

வாயாடிக்கு,

உன் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது. இது யார் கையிலாவது சிக்கினால் பெயர் இல்லாமல் இருக்கட்டும். நீயும் என்னை நத்தை என்றே எழுது.

பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள். வராந்தா ட்யூப்லைட் வெளிச்சம் என் கட்டிலின் கால்மாட்டில் ஒரு முழ அகலத்துக்கு விழும். தலையணையை அங்கே மாற்றிப் போட்டு எழுதுகிறேன். வார்டன் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டால் நோட்டு போர்வைக்குள் போய்விடும். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உன்னோடு யாரும் தொடர்பு வைக்கக் கூடாது என்று இன்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று உன் அப்பா உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நீ படியில் நின்று மேலே பார்த்தாய். நான் ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தேன். நீ பார்த்ததும் விலகிக்கொண்டேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத எனக்கும் கோபம் வருகிறது.

மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தோம். என் அண்ணி என்னைப் பற்றிச் சொன்னது எல்லாம் உனக்குத் தெரியும். உனக்கு இருபத்து மூன்று ஃபோன் வந்திருக்கிறது, எல்லாம் ஆண் குரல், அத்தனையும் வேறு வேறு எண். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ஆபீஸ் அறையில் வார்டன் ஃபோன் ரெஜிஸ்டரைத் திறந்து வாசித்தபோது, எல்லோரையும் போல நானும் அங்கே நின்றுதான் கேட்டுக்கொண்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "ஏம்மா, நீ செஞ்ச மெஷின்தானே இது? தப்பாக் காட்டுமா?"

"காட்டாது மேடம்" என்றேன்.

உன் அப்பா அப்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? வார்டன் அந்தத் தடி நோட்டில் எண்ணைத் தேடித் தேடி, அதற்குள் ஃபோன் கட்டாகி, எத்தனை பெண்கள் அழுதார்கள். ஃபோன் அடிக்கும்போதே அதில் தெரிகிற எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தால் யாருடைய வீடு என்று பெயர் வரும்படி புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதமாக ஓடுகிறது. ஒரு பெண்ணின் வீட்டு எண்ணுக்கு இன்னொரு பெண்ணின் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த ஆட்கள் யார்? என்னிடமாவது சொல்.

பதில் எழுதினால் விடுதிக்கு எழுதாதே, கடிதங்களைப் பிரிக்கிறார்கள். பின்னால் லாண்டரி அக்காவின் முகவரி போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போர்வை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவாள்.

நத்தை


ஜனவரி 15

நத்தை அவர்களுக்கு,

கம்ப்யூட்டர் மேதை, காலைக் கூட்டத்தில் கைதட்டு வாங்கியவர், "காட்டாது மேடம்" புகழ். சரியாகப் போட்டிருக்கிறேனா விலாசத்தை?

அந்த ஆட்கள் யார் என்று என்னிடமே கேட்கிறாய். என் அப்பா கேட்டார், அத்தை கேட்டாள், வீட்டுக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். நீ ஒருத்திதான் பாக்கி இருந்தாய். இப்போது நீயும் கேட்டுவிட்டாய்.

நான் எந்த எண்ணையும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆபீஸ் ஃபோனில் எந்த ஆளோடும் பேசியதில்லை. வார்டன் ஃபோனை எடுத்தவுடன் என் பெயரைச் சொல்லி "அவளுக்கா?" என்று கேட்பாராம், அந்தப் பக்கம் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவானாம். "என்ன சாமர்த்தியம் பார்த்தியா, பொம்பளை குரல் கேட்டதும் வெச்சிடறான்" என்று அப்பாவிடம் சொன்னார். ராங் நம்பர்காரன் ராங் நம்பர் என்று சொல்லாமல் வேறு என்னடி சொல்வான்?

அப்புறம் கடன் வேணுமா என்று அடிக்கிற அந்த லோன்காரன். "ஆமா மேடம், அவங்களுக்குத்தான், கொடுங்க" என்று சொன்னானாம். அந்த ஒரு "ஆமா"வில் முடிந்தது என் கதை.

உனக்கு ஒன்று ஞாபகமிருக்கிறதா? கம்ப்யூட்டர் அறையில் நீ பட்டியலை அடிக்கத் தொடங்கின மத்தியானம். "முதல் வரியில் உன்னைத்தான் போடுவேன், அடுத்தது நான், அப்புறம் எவ வேணா வரட்டும்" என்றாய். நான் அப்பாவின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். நீ அடித்தாய். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இங்கே நிலவரம் சொல்கிறேன், உன் தூக்கத்துக்கு உதவும். அப்பா சூப்பர்வைசராக இருக்கும் அட்டைப்பெட்டி கம்பெனியில் என்னை உட்கார வைத்துவிட்டார். காலை எட்டிலிருந்து தட்டை அட்டையைப் பெட்டியாக மடித்து டேப் ஒட்டுகிறேன். பொதுத்தேர்வுப் பட்டியல் பிப்ரவரி பத்தாம் தேதி போகிறது. அதற்குள் நான் அங்கே இல்லையென்றால் இந்த வருடம் போச்சு. அப்பா கணக்கில் இந்த வருடம் மட்டும் இல்லை. "படிச்சது போதும்" என்று டி.சி. விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டார், கையெழுத்து மட்டும் போடவில்லை. அது டி.வி.க்கு மேல் இருக்கிறது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

உன் மெஷினைப் போய்க் கேள். என்னைக் கேட்காதே.

வாயாடி


ஜனவரி 20, வெள்ளி, இரவு

உன் கடிதத்தைக் கழிவறையில் நின்று படித்தேன். கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். இவ்வளவு கேவலமாக எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

கேட்கச் சொன்னாய், கேட்டேன். உனக்காகவே கேட்டேன். பயந்துகொண்டே கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் போய், எல்லா எண்ணையும் இன்னொரு தடவை சரிபார்க்கலாமா என்றேன். மிஸ் பட்டியலை எடுத்து வாசிக்க, நான் அடித்தேன். எண்பத்தாறு எண். எண்பத்தாறுக்கும் சரியான பெயர் வந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. மிஸ் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

ஆக மெஷின் மேல் பழி போடாதே. அது வரிசையாக ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். அடித்த எண்ணும் வரியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, இல்லையா, அடுத்தது. இதை லூப் என்பார்கள். அதற்கு உன்மேல் என்ன விரோதம்?

சரிபார்த்து முடித்ததும் உன் வரியை மிஸ் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது எண்பத்தைந்து. உன் கட்டிலில் தகரப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்பாய். என் புரோகிராமை மற்ற பள்ளிகளின் விடுதிகளிலும் வைக்கப் போகிறார்கள். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் நேரில் அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணி முதல் தடவையாக ஃபோனில் "நல்லா இருக்கியா" என்று கேட்டாள். பத்தாவதோடு நிறுத்துவதாக இருந்தவள் இப்போது மேலே படிக்கட்டும் என்கிறாளாம். என் நிலைமை உனக்குத் தெரியும். தெரிந்துமா என்னை இதில் இழுக்கிறாய்?

நீ ஒருத்தி தப்புச் செய்துவிட்டு அதற்கு இன்னொருத்தி பதில் சொல்ல வேண்டுமா?

நத்தை


ஜனவரி 24

இருப்பதைத் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். எண்பத்தாறும் இருக்கிற எண். அதை அடித்து அதைக் கண்டுபிடித்ததற்கு முதுகில் தட்டு. நல்ல பள்ளிக்கூடம்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தேடுவது தெரியும். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி பார்த்தேன்.

அப்பா என் பெட்டியைக் கூடத்தில் கொட்டினார். நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தலையணை உறையைக் கழற்றி உதறினார். பென்சில் டப்பா, சீப்புப் பை, செருப்பின் உள்பக்கம். அத்தை டார்ச் பிடித்தாள். ஒரு கடிதம், ஒரு எண், ஒரு படம், ஏதாவது. கடைசி நோட்டு வரலாறு. அதையும் அட்டையைக் கிழித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? "எல்லாத்தையும் பாத்துட்டேன், ஒண்ணும் இல்லை" என்று சொல்ல வேண்டுமா இல்லையா? அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எவன்டி அவன்?" என்றார்.

தேடத் தொடங்கும் முன் மனதில் எதை வைத்திருந்தாரோ, தேடி முடித்த பிறகும் அதையேதான் வைத்திருந்தார். ஏதாவது கிடைத்திருந்தால் அது மாறியிருக்கும். எதுவும் கிடைக்கவில்லை, அதனால் மாறவில்லை. இல்லை என்று சொல்கிற இடமே அவருக்குள் இல்லை. உன் வார்டனும் அப்படித்தான். நீயும்.

அந்தத் தடி நோட்டுக் காலத்தில் எண் கிடைக்காவிட்டால் வார்டன் என்ன செய்வார், ஞாபகப்படுத்திக்கொள். ஃபோனை எடுத்து "யாரு?" என்று கேட்பார். யாரும் யாருடைய ஆளும் ஆகாமல் பிழைத்துக்கொண்டிருந்தோம்.

டி.சி. இன்னும் டி.வி. மேலேயே இருக்கிறது. பதினேழு நாள் பாக்கி.

வா.


ஜனவரி 27, வெள்ளி, இரவு

என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து நேற்றுவரை என் பெயருக்கு மூன்று ஃபோன் வந்திருக்கிறது. மூன்றும் ஆண் குரல். வார்டன் நேற்று சாப்பாட்டு வரிசையில் என் தட்டைப் பிடித்துக்கொண்டு, "உனக்குமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் சாப்பிடவில்லை.

இன்று லாண்டரி அக்கா கொண்டுவந்த உன் கடிதத்தில் உன் அப்பா தேடின பத்தியைப் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது.

என் புரோகிராமில் விடைக்கு என்று ஒரு பெட்டி இருக்கிறது. தேடத் தொடங்கும் முன் அதில் ஏதாவது போட்டாக வேண்டும், காலியாக விட்டால் ஓடாது. நான் பூஜ்ஜியம் போட்டேன். பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். லூப் ஓடும்போது எண் பொருந்தினால் அந்த வரியின் இலக்கம் பெட்டிக்குள் போகும். பொருந்தாவிட்டால் பேசாமல் அடுத்த வரி. எந்த வரியுமே பொருந்தாவிட்டால் பெட்டியில் நான் வைத்த பூஜ்ஜியம் அப்படியே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் வரிகளை ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணும். பூஜ்ஜியமாவது வரி என்றால் அதற்கு முதல் வரி.

நீ.

பட்டியலில் இல்லாத எந்த எண் வந்தாலும் உன் பெயர். லோன்காரன், ராங் நம்பர், கேஸ் கம்பெனி, எல்லாம் நீ. உன்னை எடுத்ததும் இரண்டாவது வரியில் இருந்த நான் முதலுக்கு வந்துவிட்டேன்.

இன்னும் கேள். முதலில் "இல்லை" என்று சொல்ல ஒரு கட்டளை வைத்திருந்தேன். அதை லூப்புக்கு உள்ளே வைத்துவிட்டேன். பொருந்தாத ஒவ்வொரு வரிக்கும் இல்லை, இல்லை என்று வரிசையாகக் கொட்டியது. வார்டன் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும், "நாப்பது தடவை இல்லைங்குது, நாப்பத்தோராவது தடவை இருக்குங்குது, உன்னை மாதிரியே திக்குதே உன் மெஷினும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வெட்கத்தில் அந்தக் கட்டளையையே எடுத்துவிட்டேன். வெளியே கொண்டுவந்து, எல்லாம் தேடி முடித்த பிறகு ஒரே ஒரு தடவை சொல்ல வைத்திருக்க வேண்டும். எடுத்ததோடு விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். திட்டாதே. இன்று சாயங்காலம் பட்டியலை அப்டேட் செய்கிறேன் என்று சொல்லி உள்ளே போய், கொசுவின் வரியை முதலில் வைத்துவிட்டேன். ஆறாம் வகுப்புக் கொசுதான். பதினொரு வயது. அவள்மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளுக்கு யாருமே ஃபோன் செய்வதில்லை, மாமா எண் ஒன்று சும்மா இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி வரைக்கும்தான். வருகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அப்புறம் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன். உனக்குப் பத்தாம் தேதிதான் கெடு என்று எனக்குத் தெரியும். அதற்கு வேறு வழி யோசிக்கிறேன். நீ யாரிடமாவது சொன்னால், நீ என்னை மிரட்டுகிறாய் என்று நானும் சொல்வேன். சொல்ல வைக்காதே.

நத்தை


ஜனவரி 31

பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு சரிசெய்வாயாம். பத்தாம் தேதிக்கு வேறு வழி யோசிப்பாயாம். யோசி, யோசி.

தப்புத் தெரியாமல் என்னை அனுப்பினாயே, அதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேனோ என்னவோ. உண்மை தெரிந்த அன்று சாயங்காலமே நீ செய்த முதல் காரியம், அடுத்தது யார் என்று பார்த்ததுதான். அதுவும் யார்? ஃபோன் வராத பிள்ளை. கேட்க ஆளில்லாத பிள்ளை. எண்பத்தைந்து பேரையும் பார்த்து நிதானமாகப் பொறுக்கியிருக்கிறாய். இதில் மட்டும் உன் தேடல் பிசகவே இல்லை, பார்.

நான் சிரித்தேன் என்று குத்திக்காட்டினாய். ஆமாம், சிரித்தேன். அதற்கு இதுவா விலை?

மிரட்டுகிறேன் என்று சொல்வாய் அல்லவா, இந்தா, மிரட்டுகிறேன். எழுதியே தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கம்பெனிக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடை ஃபோனிலிருந்து ஆபீஸுக்கு அடிப்பேன். அந்த எண் உன் பட்டியலில் இல்லை. வார்டன் ஃபோனை எடுத்துக் கொசு பெயரைச் சொன்னாரானால், உன் கடிதம் என் கையில் இருக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். எனக்கு எவ்வளவு சத்தமாக வாசிக்க வரும் என்று உனக்கே தெரியும்.

பதில் எழுதாதே.


பிப்ரவரி 5, ஞாயிறு, இரவு

பதில் எழுதாதே என்றாய். இது பதில் இல்லை. நடந்தது மட்டும்.

உன் மிரட்டலால்தான் போனேன் என்று நீ நினைப்பாய். பாதி உண்மை. மீதிப் பாதி கொசு.

செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்தது. வார்டன் மைக்கில் கொசுவின் பெயரைச் சொன்னார். அவள் துணி துவைக்கும் இடத்திலிருந்து ஒரு கால் செருப்போடு ஓடினாள். "மாமா! எங்க மாமா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். போய் நிற்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை மறுபடியும். வெள்ளிக்கிழமை மதியம் மறுபடியும், இந்தத் தடவை அந்த லோன்காரன். மூன்றாவது தடவை அவள் ஓடுவதற்கு முன்னால் தலை வாரிக்கொண்டாள். ஃபோனில் தலை தெரியாது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் அறைக்குப் போனேன். கதவில் மூன்று தடவை கை வைத்து எடுத்தேன்.

"மேடம், மெஷின் தப்பு."

"எந்த மெஷின்?"

"நான் செஞ்சதுதான். லிஸ்ட்ல இல்லாத நம்பர் போட்டா, முதல் ஆளைக் காட்டுது."

வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவ சொல்லிக் கொடுத்தாளா இதை? அவகூட லெட்டர் போக்குவரத்து நடக்குதா?"

"நீங்களே போட்டுப் பாருங்க மேடம். எந்த நம்பர்னாலும்."

அவர் தன்னுடைய கைபேசி எண்ணை அடித்தார். கொசுவின் பெயர் வந்தது. "இது என் நம்பர்டி" என்றார். "நான் எதுக்கு அந்தப் பொடிசுக்கு ஃபோன் பண்ணப்போறேன்?" அவருடைய வீட்டுக்காரர் எண்ணை அடித்தார். கொசு. பத்து பூஜ்ஜியம் அடித்தார். கொசு.

"பத்து பூஜ்ஜியத்துக்குக்கூட அவளா?"

"ஆமா மேடம்."

ரெஜிஸ்டரை எடுத்தார். அவர் கையாலேயே எழுதின பக்கங்கள். உன் பெயருக்கு நேரே இருந்த ஒவ்வொரு எண்ணையும் பேனா முனையால் தொட்டு வந்தார். ஒன்றுகூட உன் அப்பா எண் இல்லை, எங்கள் யார் வீட்டு எண்ணும் இல்லை. இருபத்து மூன்றாவதில் பேனா நின்றது.

"அந்த லோன்காரன் அவளுக்குத்தான்னு சொன்னானே."

"அவன் எதுக்கும் ஆமாம்பான் மேடம். நேத்து மத்தியானம் கொசுவுக்கும் ஆமான்னுதானே சொன்னான்? கொசுவுக்கு எதுக்கு மேடம் லோன்?"

அவர் சிரிக்கவில்லை. ரெஜிஸ்டரை மூடினார். பிறகு, "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றார்.

"எட்டு நாளா."

கொசுவின் வரியை நான் மாற்றி வைத்ததையும் சொன்னேன். அப்போதுதான் எழுந்து நின்றார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "உங்க அண்ணியை வரச் சொல்றேன். போ" என்றார். பன்னிரண்டாம் தேதி ஆட்கள் வரப்போவதில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் இன்று என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனார்கள். அண்ணி புதன்கிழமை வருகிறாள். இதற்கெல்லாம் நீ வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை. நடந்தது மட்டும் என்றேன், அதனால்.

இன்று காலை மிஸ் பக்கத்தில் நிற்க, திருத்தினேன். பெட்டியில் பூஜ்ஜியத்துக்குப் பதில் மைனஸ் ஒன்று. அந்த இலக்கத்தில் எந்த வரியும் கிடையாது, யாரும் கிடையாது. எல்லா வரியும் பார்த்து முடித்த பிறகும் மைனஸ் ஒன்றே இருந்தால், வெளியே வந்து ஒரு தடவை சொல்லும். மிஸ் இந்த முறை முதுகில் தட்டவில்லை. "இல்லாத நம்பரையும் போட்டுப் பாத்திருக்கணும். நானும் பாத்திருக்கணும்" என்றார்.

நாலு மணிக்கு நான் ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்றேன். ஃபோன் அடித்தது. வார்டன் எண்ணைப் பார்த்து அடித்தார். திரையில் வந்தது: இந்த எண் பட்டியலில் இல்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன செய்வது என்று மறந்துபோனவர் மாதிரி. நாலாவது தடவை அடித்தது, ஐந்தாவது தடவை அடித்தது. அப்புறம் ஃபோனை எடுத்து, நாலு மாதமாக நான் அந்த அறையில் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"யார் பேசறது?"

நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்ததை மட்டும் பார்த்தேன். "அப்பா நம்பர் சொல்லும்மா, எங்ககிட்ட இல்லை, எடுத்துட்டோம்" என்றார். ஒவ்வொரு இலக்கமாக எழுதிக்கொண்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. டி.வி. மேலே அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா?

நத்தை


பிப்ரவரி 9

என் பெயரைச் சொன்னேன். வகுப்பைச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். உன் கடிதம் பையில்தான் இருந்தது, வாசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. "யார் பேசறது" என்று கேட்டதும் என் பெயரே எனக்கு இரண்டு தடவை குழறியது. ஸ்டேஷனரி கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

அன்று ராத்திரியே வார்டன் அப்பாவிடம் பேசினார். அப்பா "சரிங்க", "சரிங்க" என்று மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து எழுத்திலும் வந்தது. இரண்டு தடவை படித்தார். "ஒண்ணும் இல்லை" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் நேற்று வேலை முடிந்து வந்தபோது டி.வி. மேலே தாள் இல்லை. கூடத்தில் என் பெட்டி கட்டியிருந்தது. அவரே அடுக்கியிருக்கிறார். பென்சில் டப்பாவைச் செருப்புக்குள் திணித்திருக்கிறார், கிழித்த வரலாறு நோட்டுக்குக் கம்பெனி டேப் ஒட்டி அட்டை போட்டிருக்கிறார். பெட்டிக்கு ஒட்டுகிற மாதிரி நாலு பக்கமும் ஒட்டிவிட்டார், நோட்டைத் திறக்க முடியவில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பட்டியல் போகும் முன் வந்துவிடுவேன். இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே தருகிறேன்.

உன்மேல் கோபம் போகவில்லை. போகும் என்று காத்திருக்காதே. என் கட்டிலிலிருந்து தகரப் பெட்டிகளை எடுத்து வை, ஆனால் அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறவள் கொசு. நான் அவளுடைய இடத்துக்குப் போகிறேன், அறையின் கடைக்கோடிக்கு. உன் அண்ணி அங்கேயே இருந்தாளானால், வந்த வேகத்தில் அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். உனக்காக இல்லை. எனக்கு அவளை எப்போதுமே பிடிக்காது.

என்னைப் பட்டியலில் மறுபடியும் சேர்ப்பாய் அல்லவா, முதலில் போடாதே. கடைசியில் போடு, எண்பத்தாறாவதாக. போட்டுவிட்டு அப்பாவின் எண்ணை அடித்துப் பார். உன் மெஷின் எல்லோரையும் தாண்டிக் கடைசி வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லட்டும், நான் இருக்கிறேனா இல்லையா என்று.

வாயாடி